விபுலானந்தரைப் பார்த்து வேலை பழகுவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை இளையோருக்கு ஒரு வழிகாட்டி

சுவாமி விபுலானந்தர் மறைந்த நாளான ஜூலை 19 வந்தால் நம் பக்கத்துப் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் அவருடைய சிலைக்கு மாலை விழும். பேச்சாளர் "முத்தமிழ் வித்தகர்" என்று தொடங்குவார், பட்டங்களையும் பதவிகளையும் வரிசையாகச் சொல்வார், அப்புறம் தேநீர், அப்புறம் வீடு. இந்தப் பேச்சுகளைக் கேட்டுவிட்டு வரும் ஒரு பிள்ளைக்கு அடுத்த நாள் காலை எழுந்து என்ன செய்வது என்று மட்டும் தெரிவதில்லை. அவர் பிறவி மேதை என்று முடித்துவிட்டால் கேட்பவருக்கும் வேலை இல்லை, சொல்பவருக்கும் வேலை இல்லை.

அவருடைய வாழ்க்கையை ஆண்டுவாரியாகப் பிரித்து வைத்துப் பார்த்தால் வேறொரு ஆள் தெரிகிறார். சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே பரீட்சைக்குப் படித்தவர். விஞ்ஞானத்தில் பழகிய அளக்கும் பழக்கத்தைத் தமிழுக்குள் கொண்டுபோனவர். நாம் பழகக்கூடியது இந்த இரண்டையும்தான். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்திருப்பவர்கள், புதிதாக ஆசிரியராகவோ எழுதுவினைஞராகவோ சேர்ந்தவர்கள், தொழில் பயில்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இந்துவாக இருந்தால்தான் பயன்படும் என்று எண்ண வேண்டாம். அவரே படித்தது கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியிலும்.

ஒன்று: ஒரு தாளில் ஆண்டுக்கோடு போடுங்கள்

ஒரு நீளத் தாளை எடுத்து மேலும் கீழுமாக இரண்டு கோடு இழுங்கள். மேல்கோட்டில் அவருடைய வயது, கீழ்க்கோட்டில் உங்களுடைய வயது. மேலே நிரப்ப வேண்டியவை இவை. 1892 மார்ச் 27, காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு மகனாகப் பிறப்பு. பெயர் மயில்வாகனன். 16 வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சை. உடனே ஆசிரியர் வேலை. பிறகு கொழும்பில் ஆங்கில ஆசிரியப் பயிற்சி, 1912இல் பயிற்றப்பட்ட ஆசிரியர். 1916இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா. அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சை. 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியர். அங்கிருந்தபடியே லண்டன் பி.எஸ்சி.க்குப் படிப்பு. 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர். 1922இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடம், 1924இல் துறவு. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர். 1947 ஜூனில், பழந்தமிழரின் யாழைப் பற்றிய அவருடைய ஆய்வு நூலான யாழ்நூல் அரங்கேற்றம், ஜூலை 19இல் மறைவு.

இதை எழுதி முடித்ததும் 1912க்கும் 1920க்கும் இடைப்பட்ட பகுதியை ஒரு பென்சிலால் வட்டமிடுங்கள். 20 வயதிலிருந்து 28 வயது வரை. மேடைகளில் ஒரே மூச்சில் கடந்துபோகும் காலம் இது. ஊர் மாறுகிறார், பாடசாலை மாறுகிறார், பகலில் வகுப்பு எடுக்கிறார், ஒரு பரீட்சை முடிய அடுத்த பரீட்சைக்கு உட்காருகிறார். காவி உடுப்பதற்கு முந்தைய மயில்வாகனன் நமக்கு அதிகம் உதவுவார் என்பது என் எண்ணம்.

கீழ்க்கோட்டில் உங்கள் கதையை எழுதும்போது வெட்கப்படாமல் எழுதுங்கள். டியூட்டரியில் கழிந்த வருடம், வெளிநாட்டுக்குப் போக முயன்ற வருடம், சும்மா இருந்த வருடம் எல்லாம் வரட்டும். யாருக்கும் காட்டத் தேவையில்லை.

இரண்டு: சோற்றுக்கு ஒன்று, மனதுக்கு ஒன்று

1916ஐத் திரும்பப் பாருங்கள். விஞ்ஞான டிப்ளோமாவும் பண்டிதர் பட்டமும் ஒரே ஆண்டில். இலங்கையிலிருந்து அந்தப் பண்டிதர் பரீட்சையில் தேறிய முதல் ஆள் அவர் என்று சொல்வார்கள். விஞ்ஞானம் சம்பளம் தந்தது. தமிழ் சின்ன வயதிலிருந்தே கூட வந்தது. இரண்டில் ஒன்றை விடு என்று அவரிடம் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். நம் வீடுகளிலும் சொல்கிறார்கள்: "கணக்கைப் படி, கூத்தை விடு."

உங்கள் இரண்டையும் எழுதுங்கள். ஒன்று, வருமானம் தரும் அல்லது தரப்போகும் திறன். இன்னொன்று, யாரும் கேட்காமலே நீங்கள் செய்துகொண்டிருக்கும் காரியம். களுவாஞ்சிகுடியில் கணக்கியல் படிக்கும் ஒருவருக்கு மத்தளம் அடிக்கத் தெரியும் என்றால் அதுதான் இரண்டாவது. சம்மாந்துறையில் விவசாயம் செய்பவர் தினமும் மழையளவைக் குறித்து வைப்பவராக இருக்கலாம். தாதிப் பயிற்சி பெறும் பிள்ளை நன்றாகக் கதை சொல்வாள்.

இரண்டும் இப்போதே ஒன்றோடொன்று சேர வேண்டும் என்று பதற வேண்டாம். அவருக்குச் சேரவே பல வருடம் எடுத்தது. ஆனால் மூன்றாவதாக ஒன்றை எடுக்காதீர்கள். கராத்தே, கிராபிக் டிசைன், கொரிய மொழி, பங்குச் சந்தை என்று மாதத்துக்கு ஒரு வகுப்பில் சேர்பவர்களை நமக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் முதல் மூன்று பாடம் மட்டும் அவர்களுக்கு நன்றாக வரும்.

மூன்று: காலையில் ஒன்றரை மணித்தியாலம்

இதில் சொல்ல அதிகமில்லை. வேலைக்கோ வகுப்புக்கோ போவதற்கு முன், போன் வேறு அறையில் இருக்க, தினமும் ஒரே நேரத்தில் ஒன்றரை மணித்தியாலம். நம் பக்கத்து வெயிலுக்கு நாலரை மணி முதல் ஆறு மணி வரை நல்ல நேரம். கோவில் மணியும் பாங்கும் எழுப்பிவிடும், அலாரம் கூடத் தேவைப்படாது. திங்கள், புதன், வெள்ளி சோற்றுக்கான பாடம். செவ்வாய், வியாழன், சனி மனதுக்கான பாடம். ஞாயிறு கற்பித்தலுக்கு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

கரைவலை இழுக்கப் போகிறவர்களும் வேளாண்மை வெட்டுக் காலத்தில் வயலில் நிற்பவர்களும் இந்த நேரத்தைப் பிடிக்க முடியாது. அவர்கள் இரவு எட்டு மணிக்கு வைத்துக்கொள்ளட்டும். எந்த நேரம் என்பதைவிட தினமும் அதே நேரமா என்பதைப் பாருங்கள்.

நான்கு: இரண்டு மொழிக் கொப்பி

விபுலானந்தரின் திறன்களில் நம் பிள்ளைகளுக்கு இன்றைக்கே பயன்படக்கூடியது அவருடைய மொழிப் பயிற்சி. ஆங்கிலம், தமிழ், வடமொழி மூன்றிலும் வேலை செய்தார். விவேகானந்தரின் நூல்களைத் தமிழில் தந்தார். மடத்தின் 'இராமகிருஷ்ண விஜயம்' தமிழ் இதழையும் 'வேதாந்த கேசரி' ஆங்கில இதழையும் பார்த்துக்கொண்டார். பின்னர் 1939 முதல் 1941 வரை இமயமலையில் மாயாவதி ஆசிரமத்தில் இருந்து 'பிரபுத்த பாரதா' என்ற ஆங்கில இதழின் ஆசிரியராக இருந்தார். சேக்ஸ்பியரின் நாடகங்களையும் தமிழ் நாடக இலக்கணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிய 'மதங்க சூளாமணி' 1926இல் நூலாக வந்தது. ஒரு மொழியில் வாங்கி மற்ற மொழியில் கொடுப்பது அவருக்கு அன்றாட வேலையாக இருந்தது.

நாம் செய்யக்கூடியது இது. நூறு பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் மடியுங்கள். உங்கள் தொழில் சார்ந்த ஆங்கிலப் பத்தி ஒன்றை, ஐந்தாறு வரிதான், இடப்பக்கம் எழுதுங்கள். பசளைப் பையில் அச்சிட்டிருப்பது, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த துண்டு, மோட்டார் சைக்கிளின் கைநூல், வங்கிப் படிவம், எதுவானாலும் சரி. நாவல்களில் தொடங்க வேண்டாம். வலப்பக்கம் அதைத் தமிழில் எழுதுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து இடப்பக்கத்தை மூடிவிட்டு, உங்கள் தமிழிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்குப் போங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். எங்கே பிழைத்தது என்று சிவப்புப் பேனாவால் குறியுங்கள். பெரும்பாலும் காலம் காட்டும் வினைச்சொல்லிலும், சின்னச் சின்ன இடைச்சொற்களிலும்தான் பிழை வரும். அந்தப் பிழைகளை மட்டும் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் சேர்த்து வாருங்கள். ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குப் போவதானால் அந்தப் பட்டியலோடு போங்கள். ஆசிரியருக்கு உங்களுக்கு எதைச் சொல்லித்தருவது என்று அப்போதுதான் தெரியும்.

தமிழ்ப் பக்கத்தில் ஒரு சொல் கிடைக்காமல் நின்றால் என்ன செய்வது? முதலில் அந்தத் தொழிலில் இருப்பவரிடம் கேளுங்கள். கராச்சில் இருப்பவர் ஒரு பெயர் சொல்வார், பாடநூல் இன்னொரு பெயர் சொல்லும். இரண்டையும் எழுதி வையுங்கள். 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்கத்துக்காகக் கூடிய மாநாட்டுக்கு விபுலானந்தர் தலைமை தாங்கினார். விஞ்ஞானம் தெரிந்தவர்களும் தமிழ் தெரிந்தவர்களும் ஒரே மேசையில் இருந்து செய்த வேலை அது. துறைவாரியான சொற்தொகுதி 1938இல் அச்சில் வந்தது. தனியாக அறைக்குள் இருந்து சொல் செய்யும் ஆசை நமக்கு வந்தால் அந்த மேசையை நினைத்துக்கொள்வது நல்லது.

அம்பாறை நகரத்துக்கு வேலையாகப் போய் வருபவர்கள் இதே கொப்பியைச் சிங்களத்துக்கும் வைக்கலாம். கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) வங்கிக்கும் பஸ் நிலையத்துக்கும் தேவையான வாக்கியங்களில் தொடங்கினால் சில மாதங்களில் மற்றவரைக் கூட்டிக்கொண்டு போகாமலே காரியம் முடிக்கலாம்.

ஐந்து: தெரியாத ஒருவர் உங்களைச் சோதிக்கட்டும்

வீட்டில் எல்லோரும் நம்மைக் கெட்டிக்காரர் என்று சொல்வார்கள். மயில்வாகனன் கேம்பிரிட்ஜ், மதுரை, லண்டன் என்று தன்னைத் தெரியாத இடங்களில் போய்ப் பரீட்சைக்கு நின்றார். அந்தப் பரீட்சைகளில் தேறியது சம்பளத்தை உயர்த்தியதோடு, அவர் பின்னால் சொன்ன புதிய விடயங்களைப் பண்டிதர்களும் விஞ்ஞானிகளும் காதுகொடுத்துக் கேட்க வைத்தது.

பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்கள் அத்தோடு கதை முடிந்ததாக நினைக்கிறார்கள். இன்றைக்கு வழிகள் பல இருக்கின்றன. திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருக்கிறது. வேலை பார்த்தபடியே பட்டம் வரை போகலாம். மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உயர் தொழில்நுட்ப நிறுவனங்கள் இருக்கின்றன, அம்பாறையில் ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உண்டு. பட்டறையிலேயே வேலை பழகியவர்கள் முன்னனுபவத்தைக் காட்டி மதிப்பீட்டுக்குப் போகலாம். பத்து வருடம் வயரிங் செய்தும் கையில் ஒரு தாளும் இல்லாத அண்ணன்மார் நம் ஊரில் நிறையப் பேர். வெளிநாட்டுக்கோ பெரிய ஒப்பந்தத்துக்கோ விண்ணப்பிக்கும் நாளில்தான் அந்தக் குறை தெரியும். இசை, நடனம், நாடகம், ஓவியம் என்று போகிறவர்களுக்குக் கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது.

விண்ணப்ப முடிவுத் திகதிகள் ஆண்டுக்காண்டு மாறும். தகவலை நிறுவனத்தின் அறிவித்தலில் நேரடியாகப் பாருங்கள். முகநூலில் யாரோ பகிர்ந்த படத்தை நம்பிப் பஸ் ஏற வேண்டாம்.

ஒரு வருடத்துக்கு ஒரு பரீட்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ் பேப்பர்களை முதல் நாளே எடுத்து, நேரம் வைத்து ஒன்றை எழுதிப் பாருங்கள். பாடம் எல்லாம் முடித்துவிட்டுப் பாஸ் பேப்பர் பார்ப்பது என்ற வழக்கம் ஏன் வந்தது என்று எனக்கு விளங்குவதே இல்லை. முதலில் செய்தால் எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்று தெரியும்.

ஆறு: ஞாயிற்றுக்கிழமை, மூன்று பிள்ளைகள்

அவர் 16, 17 வயதிலிருந்தே கற்பித்தவர். கடைசிவரை கற்பித்தார். துறவியான பின் கிழக்கிலும் வடக்கிலும் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பார்த்துக்கொண்டார். கல்லடி உப்போடையில் சிவானந்தா வித்தியாலயத்தை 1929இல் தொடங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த காலத்தில் பக்கத்தில் உள்ள திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லப் போனார். பகலில் பல்கலைக்கழக மாணவர்கள், பிறகு எழுத்துக் கூட்டும் பிள்ளைகள்.

உங்களுக்கு மூன்று பிள்ளைகள் போதும். அயலில், அறநெறிப் பாடசாலையில், நூலகத்தில், எங்காவது கிடைப்பார்கள். நாற்பது நிமிடம், ஒரே ஒரு விடயம். கடைசிப் பத்து நிமிடத்தில் பிள்ளை உங்களுக்குத் திரும்பச் சொல்லித்தர வேண்டும். முதல் வருடம் காசு வாங்காதீர்கள். வாங்கினால் பெற்றோருக்குப் புள்ளி காட்ட வேண்டி வரும், நீங்கள் பழக முடியாது. ஆனால் நேரத்தில் கறாராக இருங்கள், இலவசம் என்றால் பிந்தி வருவது நம் வழக்கம்.

பிள்ளைகள் கேட்டு உங்களால் பதில் சொல்ல முடியாத கேள்விகளுக்கு ஒரு தனிக் கொப்பி வையுங்கள். "சேர், வாவித் தண்ணி ஏன் சில மாசம் உப்பு, சில மாசம் உப்பில்ல?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "அடுத்த கிழமை சொல்றன் மகன்" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே தேடுங்கள். முகத்துவாரம் எப்போது வெட்டப்படுகிறது, மாரி மழை எப்போது, கடல்நீர் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்று தேடிப் போனால் நீர்ப்பாசனத் திணைக்களம் வரை போக வேண்டியிருக்கும். அடுத்த படிக்கான விதை இந்தக் கொப்பியில்தான் கிடக்கும்.

ஏழு: நீண்ட காலத்துக்கு ஒரே ஒரு கேள்வி

யாழ்நூலைப் பற்றிப் பேசாத விழா இல்லை. அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. கஷ்டமான நூல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலை எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி எளிமையானது. பழந்தமிழர் வாசித்த யாழ் எப்படி இருந்தது, அதில் எந்த இசை எழுந்தது? கருவி மறைந்து பல நூற்றாண்டுகள். யாரிடம் கேட்டாலும் "அந்தக் காலத்தில் இருந்தது" என்பதோடு பேச்சு நின்றுவிடும். விபுலானந்தர் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் பகுதியைப் பிடித்துக்கொண்டார். சில வரிகள்தான். அந்த வரிகளுக்கு விளக்கம் தேடிப் பல வருடங்கள் போயின. காரைதீவு கண்ணகி அம்மன் கோவில் உள்ள ஊர், வைகாசியில் அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு நடக்கும் ஊர். அந்த ஊர்ப் பிள்ளை சிலப்பதிகாரத்தில் போய் நின்றது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அவருக்குள் இருந்த விஞ்ஞான ஆசிரியர் இங்கேதான் தமிழுக்கு வேலை செய்கிறார். ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் ஐந்தாம் சுரம் வரும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழில் குரலுக்கு ஐந்தாவதான இளி அதுதான். இப்படிப் பின்னக் கணக்காலேயே ஏழு நரம்பின் நிலைகளையும் எடுத்துவிடலாம். உரையாசிரியர்கள் சொன்னதை இவர் கணக்குப் போட்டுச் சரிபார்த்தார். வீட்டிலும் செய்து பார்க்கலாம். பலகையில் இரண்டு ஆணி அடித்து, 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டுங்கள். ஒரு முனையிலிருந்து அளந்து 30இல் ஒரு முறை, 40இல் ஒரு முறை விரல் வைத்து, அந்த முனைப் பக்கத்தை மீட்டுங்கள். ஆர்மோனியம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

நூலை அடுக்கிய முறையையும் பாருங்கள். பாயிரத்துக்குப் பின் கருவியின் உறுப்புகள், அடுத்து நரம்புகள், அடுத்து பாலைகள் எனும் சுர வரிசைகள், அடுத்து பண்கள், அடுத்து தேவாரம், கடைசியில் ஒழிபு. தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளில் தொடங்கிக் கோவிலில் இன்றும் பாடும் பாட்டில் வந்து சேர்கிறது. முடிந்ததும் அச்சடித்து விட்டுவிடவில்லை. 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோவிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் துணையோடு அரங்கேற்றினார். அவருடைய கணக்கின்படி செய்த யாழ்கள் அங்கே வாசிக்கப்பட்டன. கணக்கு சரியா என்பதை அவையிலிருந்தவர்களின் காது தீர்மானிக்கட்டும் என்று விட்டார்.

இனி உங்கள் கேள்வி. நம் இரண்டு மாவட்டங்களிலும் "அந்தக் காலத்தில் இருந்தது" என்று நின்றுபோன விடயங்கள் குவிந்து கிடக்கின்றன. கூத்தின் இரண்டு வகைகளான வடமோடிக்கும் தென்மோடிக்கும் தாளக்கட்டில் என்ன வேறுபாடு என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் கேட்டுத் தாளம் தாளமாக எழுதியவர்கள் சிலர் உண்டு, உங்கள் ஊர்க் கூத்துக்கு யாராவது எழுதியிருக்கிறார்களா? கண்ணகி வழக்குரை ஏடு உங்கள் கோவிலில் யாரிடம் இருக்கிறது, பக்கத்து ஊர் ஏட்டோடு எங்கே வேறுபடுகிறது? உங்கள் அப்பப்பா விதைத்த நெல்லினங்கள் என்னென்ன, எத்தனை மாதப் பயிர்? கரைவலைப் பங்கு எப்படிப் பிரிப்பார்கள்?

கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீன் என்று ஊரே பெருமைப்படும். விபுலானந்தர் அதையும் விட்டுவைக்கவில்லை, யாழ்நூலில் நீரரமகளிர் பாட்டாக அது வந்திருக்கிறது. சுரம் அறிந்த காதோடு வாவியைக் கேட்டவர் அவர். நம் கையில் ஒலிப்பதிவு செய்யும் போன் இருக்கிறது. திகதி, பிறை, நேரம், இடம், மாரிகாலமா கோடையா என்று குறித்து, துடுப்பை நீருக்குள் விட்டு மறுமுனையில் காது வைத்துக் கேட்டு, ஒரு வருடம் தொடர்ந்து பதிவு வைத்தால் அதுவே ஒரு ஆய்வு. இரவில் தோணியில் போவதானால் வாவி தெரிந்த மீனவர் ஒருவரோடு மட்டும் போங்கள்.

வேலையைக் கொண்டுபோகும் விதம்: மாதம் ஒரு பக்கம் எழுதுங்கள், அதற்கு மேல் தேவையில்லை. யார் சொன்னது, எந்த ஊர், எந்தத் திகதி என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் எழுதுங்கள். சொன்னவரின் அனுமதியைக் கேளுங்கள். பெரியவர்களிடம் போகும்போது வெற்றிலையோடு போவது நம் பக்கத்து மரியாதை, அது இன்றும் வேலை செய்கிறது. அளக்கக்கூடியதை அளந்து எழுதுங்கள். "நீளமான" என்று எழுதாமல் எத்தனை முழம் என்று எழுதுங்கள். பன்னிரண்டு பக்கம் சேர்ந்ததும் ஒரு கட்டுரையாக்கி மூன்று பேரிடம் கொடுங்கள்: அந்தத் தொழிலில் நரைத்த ஒருவர், ஒரு ஆசிரியர், அதைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர். மூன்றாவது ஆள் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். அங்கேதான் உங்களுக்கே தெளிவு இல்லை.

ஏற்கனவே யாராவது செய்திருக்கிறார்களா என்று பார்க்க 'நூலகம்' என்ற பெயரில் ஒரு இணைய நூலகம் இருக்கிறது. ஈழத்து நூல்களும் பழைய இதழ்களும் இலவசமாக வாசிக்கலாம், விபுலானந்தரைப் பற்றியும் நிறைய உண்டு. மட்டக்களப்புப் பொது நூலகத்தில் நூலகரிடம் தலைப்பைச் சொல்லிக் கேளுங்கள். தட்டைத் தடவித் தேடுவதைவிட அது வேகம்.

துறவைப் பற்றி

துறவியின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு துறவைப் பேசாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். 30 வயதில், அதிபர் பதவியில் இருந்த ஆள் மடத்துக்குப் போனார். போன இடத்தில் திறமைகளை ஒதுக்கி வைக்கவில்லை. இதழ் நடத்தினார், மொழிபெயர்த்தார், பாடசாலை கட்டினார். உழைப்பின் பயன் தன் வீட்டுக்கு வரவில்லை, அவ்வளவுதான் மாற்றம். நம்மில் பெரும்பாலானோர் அப்படிப் போகப்போவதில்லை, போகவும் வேண்டாம். அம்மா அப்பாவைப் பார்க்க வேண்டும், தங்கச்சிக்கு வீடு கட்ட வேண்டும். ஆனால் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் உங்கள் திறனைச் சம்பளமோ பெயரோ வராத இடத்தில் கொடுக்கலாம். கணக்கு தெரிந்தவர் மாதர் சங்கத்தின் வரவு செலவைப் பார்த்துக் கொடுக்கட்டும். ஆங்கிலம் தெரிந்தவர் ஆஸ்பத்திரியில் அட்டை விளங்காமல் நிற்கும் கிழவிக்கு வாசித்துச் சொல்லட்டும். படம் எடுத்துப் போடாமல் செய்ய வேண்டும், அதுதான் இதில் கஷ்டமான பகுதி.

வழக்கமாக வரும் கேள்விகள்

"இதெல்லாம் செய்தால் வேலை கிடைக்குமா?" அரசாங்க நியமனம் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. நேர்முகத் தேர்வில் "வேறென்ன செய்கிறீர்கள்" என்று கேட்கும்போது காட்ட ஒரு பரீட்சைச் சான்றிதழும், இரண்டு மொழிக் கொப்பியும், பன்னிரண்டு பக்கக் கட்டுரையும் இருக்கும். வெறுங்கையோடு வரும் ஆளை விட அது மேல்.

"காசு?" கொப்பிகள், பேனா, பஸ் காசு. பரீட்சைக் கட்டணம் தனி. ஸ்மார்ட் போன் ஏற்கனவே இருக்கிறது.

"எங்கே போய்ப் பார்ப்பது?" கல்லடி உப்போடையில் சிவானந்தா வித்தியாலய வளாகத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. பாடசாலை என்பதால் அனுமதி கேட்டு உள்ளே போங்கள். காரைதீவுக்கு மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாக அக்கரைப்பற்று போகும் பஸ்ஸில் ஏறினால் 40 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். அவர் பிறந்த இடமும் நினைவு மண்டபமும் எங்கே என்று கேட்டால் ஊரில் யாரும் காட்டுவார்கள்.

"எனக்கு வயது 35 ஆகிவிட்டது, இனி என்ன?" அண்ணாமலையில் பேராசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு 39. யாழ்நூல் வந்தபோது 55. கேள்விக் கொப்பியை இன்றைக்கு வாங்கலாம். இரண்டு மொழிக் கொப்பிக்கு வீட்டில் பிள்ளைகளின் பழைய கொப்பிகளில் எழுதாத பக்கங்கள் இருந்தால் கிழித்துக் கட்டிக்கொள்ளுங்கள்.